டோக்கியோவில் சின்ன சுஷிக் கடை: என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

கடல்காற்று:
அடுத்த மாதம் நானும் மனைவியும் டோக்கியோ போகிறோம். பேர் பெற்ற கடை வேண்டாம். பத்துப் பேர் உட்காரும் தெருமுனைக் கடை போதும். ஜப்பானிய மொழி தெரியாது. மனைவி பச்சை மீன் சாப்பிட மாட்டார், வெந்தது ஓகே. எப்படி ஆர்டர் செய்வது?

வஞ்சிரம்துண்டு:
நீங்கள் முதலில் 'ஒகிமரி' கேளுங்கள். விலை கட்டிய செட் தட்டு அது. நமி, ஜோ, தொகுஜோ என்று பெரும்பாலும் மூன்று தரம். நடுவில் உள்ள ஜோ போதும். பிறகு பிடித்ததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லலாம், அது 'ஒகோனொமி'. 'ஒமகாசே' என்றால் எல்லாம் சமையல்காரர் இஷ்டம். பில்லும்தான் :)

பலகையில் எண் இல்லாமல் இரண்டே எழுத்து இருந்தால் பெரும்பாலும் அது 'ஜிகா', அன்றைய சந்தை விலை. 'இகுரா தெஸ் கா' என்று விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். (சால்மன் முட்டைக்கும் பெயர் இகுராதான், குழம்ப வேண்டாம்.)

மனைவிக்கு செட் வேண்டாம், தனித்தனியாகவே சொல்லுங்கள்: அனகோ (வேகவைத்த கடல் விலாங்கு), எபி (வெந்த இறால்), தாமாகோ (முட்டை), கப்பா மாகி (வெள்ளரி ரோல்). 'அமாஎபி' மட்டும் பச்சை இறால், ஜாக்கிரதை.

நெய்தல்:
பிடிக்காததாலா, கர்ப்பம் மாதிரி காரணமா? இரண்டாவது என்றால் யோசியுங்கள். வெந்த அனகோவைத் தொடுவதும் பச்சை மீனைத் தொட்ட அதே கைதான்.

சாப்பிடும் விதம்: நிகிரியை (சோற்று உருண்டை மேல் மீன் துண்டு வைத்துக் கையால் பிடித்தது) கையால் எடுக்கலாம், தப்பே இல்லை. பக்கவாட்டில் சாய்த்து, மீனின் நுனி மட்டும் சோயா சாஸில் படட்டும். சோற்றுப் பக்கம் முக்கினால் சோறு சோயாவைக் குடித்து உப்புக் கரிக்கும், பாதி வழியில் உதிர்ந்து கிண்ணத்தில் விழும். மீன் முட்டை வைத்து நோரி (கடற்பாசித் தாள்) சுற்றிய 'குன்கான்' கவிழ்க்க முடியாது; இஞ்சித் துண்டை சோயாவில் நனைத்து மேலே தடவுங்கள். அனகோவில் 'சுமே' என்ற இனிப்புச் சாறு பூசியிருக்கும், அதற்கு சோயாவே வேண்டாம். வசாபி (காரமான பச்சை விழுது) சோற்றுக்கும் மீனுக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கும். வேண்டாமென்றால் 'சாபி நுகி'.

வைத்த உடனே சாப்பிடுங்கள். சோறு உடல் சூட்டில் இருக்கும்போதுதான் ருசி. போட்டோ எடுத்து முடிப்பதற்குள் நோரி நமத்துவிடும்.

காலைச்சந்தை:
ஞாயிறு தவிருங்கள். 2018-இல் சுகிஜியிலிருந்து தொயோசுவுக்கு மாறிய மொத்த மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்களிலும் மூடல். சின்னக் கடைகளும் அதையொட்டியே மூடும். செண்ட் அடிக்காமல் போங்கள். டிப்ஸ் கிடையாது. டீக்கு 'ஓச்சா' போதும்; 'அகாரி' கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொல். பில்லுக்கு 'ஒகைகே'. கையில் ரொக்கம் இருக்கட்டும்.

கடல்காற்று:
கர்ப்பமெல்லாம் இல்லை, பிடிக்காது அவ்வளவுதான். செட்டில் ஒரு துண்டை மட்டும் மாற்றித் தருவார்களா?

வஞ்சிரம்துண்டு:
சமையல்காரர் சுஷி பிடிக்கத் தொடங்குமுன் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். தட்டு வந்தபின் கேட்காதீர்கள், ஒருமுறை கையால் பிடித்துவிட்ட நிகிரியைத் திருப்பி வாங்க முடியாது.