பாட்டி கையால் தைத்த பட்டுப் பாவாடையைப் பிரிப்பது எப்படி?

மயில்கழுத்து:
1980ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பாட்டி கையூசியாலேயே தைத்துக் கொடுத்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டுப் பாவாடை ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்வதற்காகக் கரைக்கு மேலே இரண்டு டக்குகள் பிடித்திருந்தார். அவற்றில் ஒன்று இன்றுவரை பிரிக்கப்படவில்லை. இடுப்புப் பட்டிக்குக் கீழே கொசுவ மடிப்புகள் சில கீறிவிட்டன. கரை நன்றாகவே இருக்கிறது. இந்தத் துணியில் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் கவுன் தைக்க விரும்புகிறேன். தையற்கடையில், பட்டியோடு கத்தரித்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. தையலை எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

ஊசிநூல்:
கத்தரிக்க ஒப்பாதது நல்லதாயிற்று அம்மா. முதலில் பாவாடையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவும் இடங்களை வெள்ளை நூலால் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். மிஷின் தையலானால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு மறுபக்கத்து நூலை உருவிவிடலாம். பாட்டி பின்தையல் போட்டிருந்தால் அப்படி உருவ வராது, ஏனெனில் ஒவ்வொரு தையலும் பின்னால் திரும்பித் துணியைக் கவ்விக்கொண்டு நிற்கும். இழுத்தால் நூலுக்கு முன்பாகப் பட்டு கிழியும். உட்புறத்திலிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, சிறிய கத்தரியின் நுனியால் அறுங்கள். பட்டியைக் கடைசியாகப் பிரியுங்கள். அதுவரை கொசுவங்களை அதுதான் தாங்கிக்கொண்டிருக்கும்.

தறிவீடு:
எங்கள் வீட்டில் தறி இருந்தது என்பதால் துணியைப் பற்றிச் சொல்கிறேன். பாவாடையில் கரை கீழே சுற்றி வருவதால் தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு இழைகள் இடுப்பைச் சுற்றி ஓடுகின்றன. மேலிருந்து கீழாகக் கீறல் விட்டிருக்கிறது என்றால் முறிந்தவை அந்தப் பாவு இழைகளே. அந்த இடத்தை இழுத்துத் தைக்க முயலாதீர்கள். அடியில் மெல்லிய மல் துணி வைத்தாலும் குழந்தை தவழும்போது தாங்காது. துணியின் உடலும் கரையும் சேரும் கோர்வை ஓரத்தை ஒட்டி ஒருபோதும் வெட்ட வேண்டாம். கரை தனியாக வேண்டுமென்றால் உடல் பக்கம் அரை அங்குலமாவது விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அங்கே கோர்த்த ஊடிழைகள், அதாவது குறுக்கு இழைகள், பிரிந்துவிடும். நனைந்த பட்டுக்கு வலு குறைவு என்பதால் தேய்க்கவோ பிழியவோ கூடாது. சாயம் இறங்குகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்த பிறகே நீரில் போடுங்கள். சரிகை குழந்தையின் தோலை உறுத்தும், ஆகவே பருத்தி லைனிங் கட்டாயம் வேண்டும்.

மயில்கழுத்து:
இருவருக்கும் நன்றி. மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்து பிரித்து முடித்தேன். டக்கைத் திறந்ததும் உள்ளே மடிந்திருந்த துணி, வெயில் படாத காரணத்தால், வெளியே இருந்ததைவிட ஒரு சாயல் அடர்த்தியான அரக்காக இருந்தது. பாவாடை புதிதாக இருந்தபோது இந்த நிறம்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆனால் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவை மறையுமா?

ஊசிநூல்:
ஈரத்துணியை மேலே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி ஒற்றி எடுத்து, நகத்தால் இரு திசையிலும் மெல்ல நீவினால் பெரும்பாலும் இழைகள் சேர்ந்துகொள்ளும். சேராத வரிசையைக் கவுனின் தையல் விளிம்புக்குள் வருமாறு வைத்து வெட்டுங்கள்.

மயில்கழுத்து:
ஒரு வரிசையை மட்டும் மறைக்காமல் கவுனின் முன்பக்கத்திலேயே விட்டுவிட்டேன். அந்தத் துளைகளின் வழியாகவே சிவப்பு நூலில் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன்; பாட்டியின் தையல் என்னுடையதைவிட நெருக்கமாக இருப்பதால் நிதானமாகத்தான் போக முடிகிறது.