பெற்றோர் சம்மதித்திருந்தும் ஹெ ஜியான்குய்க்குத் தண்டனை ஏன்?

கேள்வி:
கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாகச் சீன ஆய்வாளர் ஹெ ஜியான்குய் 2018 நவம்பரில் அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்ததால், பிள்ளைகளை அத்தொற்று அண்டாதிருக்க அக்கிருமி செல்லுக்குள் நுழைய வழிதரும் சிசிஆர்5 என்ற மரபணுவை முடக்க முயன்றாராம். பெற்றோரே கையொப்பமிட்டுக் கொடுத்த ஒன்றுக்குச் சிறை எதற்கு?

மறுமொழி 1:
ஷென்சென் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. ஆனால் குற்றத்தின் பெயர் ‘சட்டவிரோத மருத்துவத் தொழில்’. ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் ஆவணம் போலி என்பதும் தீர்ப்பில் உண்டு. திருத்திய கருவைக் கருப்பையில் வைக்கக்கூடாது என்ற 2003-ஆம் ஆண்டு நெறிமுறை இருந்தபோதிலும், அதை மீறுவோருக்குத் தண்டனை வகுக்கும் பிரிவு குற்றவியல் சட்டத்தில் 2021-இல்தான் சேர்ந்தது. அதாவது, செய்த காரியத்துக்கே உரிய சட்டம் அவர் தண்டனை பெறும்போது இல்லை.

மறுமொழி 2:
சம்மதத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் படிவம் இதை ‘எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்’ என்று அழைத்தது; படிப்பவர் இதில் மரபணுத் திருத்தத்தை எங்கே தேடுவார்? தொற்று தந்தைக்கு மட்டுமே இருக்கையில், விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தெடுத்துக் கருத்தரிக்கச் செய்தாலே குழந்தை தப்பிவிடும் என்பதால், மருத்துவத் தேவையும் இல்லை. போதாக்குறைக்கு, குழந்தைகளில் ஒருவருக்கு அம்மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறாமலே இருந்தது. எச்.ஐ.வி.யைத் தடுப்பதாக அறியப்பட்ட, இயற்கையில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட மரபணு வடிவமும் இருவரில் எவருக்கும் அமையவில்லை. சிசிஆர்5 இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி.

கேட்டவர்:
அப்படியானால், அரிவாள் செல் சோகைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் தவறுதானா?

மறுமொழி 2:
இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அங்கே நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். ஆபத்தை அறிந்து ஏற்பவரும் அவரே, அந்த மாற்றம் அவருடைய பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. கருவில் செய்தது அந்தச் சிறுமிகளின் சந்ததிக்கும் போகக்கூடியது. கையொப்பமிட்டவர்களோ பெற்றோர்.