மாதவிலக்கு நிற்கும் வயதில் உங்கள் குடும்ப டாக்டர் என்ன சொன்னார்?

கோபியிலிருந்து:
எங்கள் வீட்டில் மாமனார் சர்க்கரை முதல் பேரன் காய்ச்சல் வரை ஒரே டாக்டர்தான். நடுராத்திரியில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து, ஜாக்கெட் நனைந்து எழுந்துவிடுகிறேன் என்றேன். பி.பி. பார்த்தார். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான் அம்மணி, கால்சியம் எழுதறேன்." கால்சியம் எலும்புக்குச் சரி, எரிச்சலுக்கு என்ன செய்யும்? ஹார்மோன் மாத்திரை என்று வாயெடுத்ததும், "கேன்சர் வரும், அந்தப் பேச்சே வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் ஈரோட்டில் ஒரு மகளிர் மருத்துவரிடம் போனேன். 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரை பற்றிய ஒரு பெரிய ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்களாம். பல டாக்டர்களின் பயம் அதிலிருந்து வந்ததுதான். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது விலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்றார். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோனும் சேர வேண்டும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க" என்றார். அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனதால் நான் வேண்டாம் என்றேன். முகம் சுளிக்காமல், ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரை எழுதினார். மன அழுத்தத்துக்குத் தருவதுதான், குறைந்த அளவில் எரிச்சலுக்கும் கேட்குமாம். இப்போது தூங்குகிறேன்.

திருப்பூரிலிருந்து:
நான் பனியன் கம்பெனியில் செக்கிங். விலக்கு நிற்கும் முன்னால் ஒரு வருடம் ரத்தப்போக்கு தாங்க முடியவில்லை. எங்கள் டாக்டர் ஸ்கேன்கூடச் சொல்லவில்லை. "குழந்தை பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பைய எடுத்துரலாம்" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். உடம்பு யாருடையதுங்க? வேறொரு டாக்டரிடம் போய் ஹார்மோன் காயில் (coil: காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் சின்னச் சாதனம்) வைத்துக்கொண்டேன். போக்கு நன்றாகக் குறைந்துவிட்டது, வேலைக்கும் போகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:
எல்லாரும் அப்படி இல்லைங்க. எங்கள் ஊர்ப் பெரிய டாக்டர் எரிச்சலுக்கெல்லாம் "பொறுத்துக்கோங்க" என்பவர்தான். ஆனால் விலக்கு நின்று ரெண்டு வருடம் கழித்து லேசாகக் கறை பட்டது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் விடக்கூடாது என்று அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். கர்ப்பப்பைக்குள் சின்னச் சதை வளர்ச்சி. எடுத்துப் பரிசோதித்ததில் புற்று இல்லை.

தாராபுரத்திலிருந்து:
திருப்பூர் அக்கா, அந்தக் காயில் வைக்க எவ்வளவு ஆச்சுங்க? இங்கே கேட்டால் அதெல்லாம் வயசுப் பிள்ளைகளுக்கு என்கிறார்கள்.