மிச்சிகன், ஒஹாயோ பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: இந்தப் பங்காளிச் சண்டையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறதாம். இப்போது அவருடைய நிறுவனம் கொலம்பஸ் கிளைக்கு மாறச் சொல்கிறதாம். அலுவலகத்தில் யாரிடம் சொன்னாலும் "ஒஹாயோவுக்கா? பாவம்!" என்று முகத்தைச் சுளிக்கிறார்களாம். "அங்கே அப்படி என்னதான் பிரச்சினை? மனைவி, கைக்குழந்தையோடு போகலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, தாராளமாகப் போங்கள். நான் டெட்ராய்டின் புறநகரான நோவையில் ஏழு வருடம் இருந்துவிட்டு, இப்போது ஆறு வருடமாகக் கொலம்பஸுக்குப் பக்கத்தில் டப்ளினில் இருக்கிறேன். கிளம்பும்போது எனக்கும் இதே "பாவம்"தான் கிடைத்தது. அதைக் கேட்டுப் பயந்து நான் இரண்டு மாதம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த முகச்சுளிப்புக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடக் கதை இருக்கிறது. ஆரம்பம் நம் ஊர் வரப்புத் தகராறு மாதிரிதான். 1787இல் போட்ட சட்டப்படி, மிச்சிகன் ஏரியின் தென்முனையிலிருந்து கிழக்கே நேர்கோடு இழுத்தால் அதுதான் எல்லை. ஆனால் அந்தக் காலத்து வரைபடத்தில் அந்தத் தென்முனை, உண்மையில் இருக்கும் இடத்தைவிட வடக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது. அந்தப் படத்தை வைத்து, மாமீ ஆறு ஈரி ஏரியில் கலக்கும் இடம் தங்களுக்குத்தான் என்று ஒஹாயோக்காரர்கள் இருந்துவிட்டார்கள். அப்புறம் சரியாக அளந்தால் கோடு அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே போகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே 468 சதுர மைல் பட்டை. இன்றைய டொலீடோ நகரம் அதில்தான் இருக்கிறது. கால்வாயும் துறைமுகமும் வந்தால் வருமானம் எவ்வளவு வரும் என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

1835இல் இரண்டு பக்கமும் படை திரட்டிவிட்டன. எல்லை அளக்க வந்த ஒஹாயோ சர்வேயர் கூட்டத்தை மிச்சிகன் ஆட்கள் தலைக்கு மேலே சுட்டு விரட்டி, சிலரைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். டொலீடோவில் டூ ஸ்டிக்னி என்பவரைக் கைது செய்யப் போன ஜோசப் வுட் என்ற மிச்சிகன் துணை ஷெரிஃப் கத்திக்குத்து வாங்கினார். (டூ என்பது அவருடைய உண்மைப் பெயர். அப்பா தன் மகன்களுக்கு ஒன், டூ என்றே பெயர் வைத்திருந்தார்.) வுட் பிழைத்துக்கொண்டார். அந்த மொத்தப் "போரில்" பெரிய காயம் அது ஒன்றுதான். கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே அப்பர் பெனின்சுலா என்ற தீபகற்பத்தைக் கொடுத்தார்கள். பனியும் காடும் யாருக்கு வேண்டும் என்று முதலில் மறுத்தார்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். 1837 ஜனவரி 26 அன்று மிச்சிகன் மாநிலமானது. அந்தக் காட்டிலிருந்து அப்புறம் செம்பும் இரும்பும் வண்டி வண்டியாகக் கிடைத்தது.

1915இல் எல்லையைத் திரும்ப அளந்து கருங்கல் நட்டு, இரண்டு மாநில ஆளுநர்களும் எல்லையில் நின்று கைகுலுக்கினார்கள். அதோடும் முடியவில்லை. ஈரி ஏரிக்குள் எல்லை எங்கே போகிறது என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது 1973இல்தான்.

இன்றைக்கு இந்தச் சண்டை அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் நடக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் 1897இலிருந்து மோதிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஆட்டம் பொதுவாக நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை நடக்கும். இரண்டு மைதானமும் லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். உங்களுக்கு அந்த விளையாட்டு பிடிக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு வாரம் உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் கொலம்பஸ் வளாகத்தில் படிக்கிறாள். முதல் வருடம் அந்த வாரத்தில் அவளைப் பார்க்கப் போனேன். வளாகம் முழுக்கப் பெயர்ப் பலகைகளில் ஆங்கில எம் எழுத்து வருகிற இடமெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஒரு கட்டிடத்தின் வாசலில் இரண்டு மாணவர்கள், ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்று, உயரத்தில் இருந்த எழுத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பேராசிரியர் தன் காபியை ஓரமாக வைத்துவிட்டு, டேப் சுருளைப் பிடித்துக்கொண்டு "இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சிகன் என்ற பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், "வடக்கே இருக்கிற அந்த டீம்" என்பார்கள். அவர்களை ஜெயித்தால் வீரர்களுக்குத் தங்கத்தில் குட்டி பேண்ட் ஒன்று பரிசு. 1934இலிருந்து அந்த வழக்கம் இருக்கிறது.

இவ்வளவு தீவிரமாக இருக்கிறார்களே, உண்மையிலேயே வெறுக்கிறார்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போ ஷெம்பெக்லர் கதையைக் கேட்ட பிறகு தெளிந்தது. மிச்சிகன் அணியின் பெரிய பயிற்சியாளர் அவர். ஆனால் பிறந்தது ஒஹாயோவில். பிற்பாடு ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளரான வுடி ஹேஸிடம் விளையாடி, அவருக்கே உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். 1969 முதல் 1978 வரை குருவும் சீடனும் எதிரெதிராக நின்றார்கள். 2006இல் இரண்டு அணிகளும் தோல்வியே காணாமல், நாட்டில் முதல் இடத்திலும் இரண்டாம் இடத்திலும் இருந்தபோது, ஆட்டத்துக்கு முந்தின நாள் போ இறந்துபோனார். மறுநாள் கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில், லட்சம் பேர் அவருக்காக மௌனமாக நின்றார்கள். ஆட்டம் முடிந்தபோது ஒஹாயோ 42, மிச்சிகன் 39. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தவர். அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் தழுதழுக்கும். வருடம் முழுக்க மிச்சிகனைத் திட்டுகிறவர் அவர்.

சரி, ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்கிற குறைகளுக்கு வருவோம். ஒஹாயோ என்றால் சோளக்காடு, ஒரே தட்டை, பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள் மிச்சிகன்காரர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐ-75 நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டியதும் வருகிற வடமேற்கு ஒஹாயோ ஒரு காலத்தில் கிரேட் பிளாக் ஸ்வாம்ப் என்ற மாபெரும் சதுப்பு நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால் வெட்டியும் மண்ணுக்கடியில் குழாய் பதித்தும் தண்ணீரை வடித்து விளைநிலம் ஆக்கினார்கள். வடிந்த சதுப்பு தட்டையாகத்தானே இருக்கும்? தெற்கே போகும் மிச்சிகன்காரர் கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரம் தென்கிழக்கே ஹாக்கிங் ஹில்ஸ் போய்ப் பாருங்கள். பாறைக் குகையும் அருவியும் பார்த்தால் எனக்குக் குற்றாலம், கொல்லிமலை ஞாபகம் வந்துவிடும்.

பதிலுக்கு ஒஹாயோக்காரர்கள் மிச்சிகன் சாலையைச் சொல்வார்கள். எல்லை தாண்டினால் கார் குலுங்குவதிலேயே தெரியும் என்பார்கள். குளிர்காலத்தில் உறைந்து உருகும் தண்ணீர் இரண்டு பக்கமும் சாலையைப் பெயர்க்கிறது. ஆனால் லாரி எடையில் வித்தியாசம் உண்டு. பொதுவான வரம்பு 80,000 பவுண்டு என்றால், அச்சு அதிகமுள்ள லாரிகளுக்கு மிச்சிகன் 1,64,000 பவுண்டு வரை அனுமதிக்கிறது. அங்கே இருக்கும் வரை மார்ச், ஏப்ரலில் குழி பார்த்து ஓட்டுங்கள், நான் இரண்டு டயர் மாற்றியிருக்கிறேன். ஓட்டுவதைப் பற்றியும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒஹாயோ வண்டி இடது லேனில் ஊர்ந்து போகும், மிச்சிகன் வண்டி பறக்கும் என்று. நான் இரண்டு மாநிலத்திலும் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

தம்பிக்கு உண்மையில் பணக் கணக்கு மாறப் போவது வேறு இடங்களில். ஒஹாயோவில் நகராட்சியே தனியாக வருமான வரி பிடிக்கும். கொலம்பஸ், டொலீடோ இரண்டிலும் 2.5 சதவீதம். மிச்சிகனிலும் டெட்ராய்ட் போன்ற சில ஊர்களில் இது உண்டு, ஆனால் நோவை மாதிரிப் புறநகரிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். சம்பளம் பேசும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் குடியிருந்து மற்றதில் வேலை செய்தால், சம்பளத்துக்கு மாநில வரியைக் குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்று இரண்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கான படிவத்தை நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். நகர வரிக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. கார் இன்சூரன்ஸ் பொதுவாக ஒஹாயோவில் நன்றாகவே குறையும். அப்புறம் சோடா கேன். மிச்சிகனில் காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் கிடைக்கும், ஒஹாயோவில் அது கிடையாது. அதற்காக ஒஹாயோவில் சேர்த்து வைத்து, மிச்சிகன் நண்பர் வீட்டுக்கு வரும்போது மூட்டையாகக் கொண்டுவராதீர்கள். வெளிமாநில கேனைப் போட்டுக் காசு வாங்குவது சட்டப்படி குற்றம்.

இப்போது நம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நோவையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர்வீடு ஒரு தெலுங்குக் குடும்பம். இரண்டாவது பிரசவத்துக்கு என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இரவு, மூத்தவளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுநாள் மதியம் அந்த அக்கா மிளகு ரசமும் பருப்புச் சோறும் கொண்டுவந்தார். சில மாதம் கழித்து, கீழே பார்க்கிங்கில் புதிதாக வந்த நம் பையன்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு நம்மில் சிலர் வைத்திருக்கும் அந்தப் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி, சத்தமாகச் சிரித்தார்கள். அந்த அக்கா மளிகைப் பையோடு அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் சித்தூர்க்காரர். தமிழ் ஒரு வார்த்தை விடாமல் புரியும். ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டார். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே இறங்கிப் போய் அந்தப் பையன்களிடம் பேசியிருக்க வேண்டும். பேசியது மறுநாள்தான்.

மிச்சிகன்காரர் ஒஹாயோக்காரரை எதிரில் உட்கார வைத்துக் கிண்டல் பண்ணுகிறார். அவரும் திருப்பிப் போடுகிறார், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நாம் தெலுங்கர், மலையாளி, கன்னடர் பற்றிச் சொல்கிற பலதும் அவர்களுக்குப் புரியாது என்ற நினைப்பில் சொல்வது. காவிரி, முல்லைப் பெரியாறு பற்றி நமக்கு வலுவான கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. அதை அவர்களிடமே உட்கார்ந்து பேசலாம், நான் பேசியிருக்கிறேன். அந்தப் பட்டப்பெயரை மட்டும் எந்த இடத்திலும், நம் வீட்டுக்குள்ளேயும்கூட, சொல்லாதீர்கள். குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அடுத்த நாள் பள்ளிப் பேருந்தில் அதே வார்த்தை வரும்.

அலுவலகத்தில் முதல் வருடம் எந்த அணி என்று கேட்பார்கள். "இப்போதுதான் வந்திருக்கிறேன், நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்றால் போதும், அரை மணி நேரம் ஆசையாகச் சொல்வார்கள். மிச்சிகனில் எந்த ஊர் என்று ஒருவரைக் கேட்டால், வலது உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, அதில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார். மாநிலத்தின் தென்பகுதி கையுறை வடிவத்தில் இருப்பதால் வந்த பழக்கம். கிளம்புவதற்கு முன் நீங்களும் கையை விரித்து, கட்டை விரலின் அடியில் டெட்ராய்டைக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள். கொலம்பஸில் யாராவது எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கும்போது காட்டினால் ஒரு முனகலும், கூடவே ஒரு சிரிப்பும் வரும். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

கீழே கருத்துகளில் ஒருவர், இந்தப் பக்கம் கோயில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கொலம்பஸ் பக்கம் பவலில் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் மட்டும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து பான்டியாக் பராசக்தி கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்வருவோம். மூன்றரை மணி நேர ஓட்டம்.

இன்னொன்று, தம்பி. வீடு மாறும் தேதியை ஆட்டம் நடக்கும் அந்தச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைப்படை வருடத்தில் ஆட்டம் கொலம்பஸில், ஒற்றைப்படையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில். இரண்டுக்கும் நடுவே நீங்கள் வரப்போகும் சாலை அன்று நிரம்பி வழியும், கொலம்பஸில் ஹோட்டல் அறையும் கிடைக்காது. அதற்கு முந்தின வாரமே வந்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்.