ஓவர்வியூ என்பதற்குத் 'தொகுசுட்டு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் எழுத்துத்தாளின் முதல் வினாவுக்கு விடையெழுதும்போது இடம்பெற வேண்டிய ஓவர்வியூ என்ற பகுதிக்கு, அதாவது தரப்பட்ட படத்தின் முதன்மைப் போக்குகளைச் சுருக்கிக் கூறும் பகுதிக்கு, தமிழ்ச் சொல்லாக நம் குழு உரையாடலின் இவ்விழையில் மேலோட்டம், கண்ணோட்டம், பொதுநோக்கு, தொகுப்புரை என்னும் நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. பிரிட்டனில் பணிபுரிய விரும்பும் செவிலியர்களுக்கு இத்தாளைத் தமிழில் விளக்கிக் கற்பித்து வருபவன் நான். இந்நான்கையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தபின், அவற்றால் நேர்ந்த இடர்ப்பாடுகளை எடுத்துரைத்து ஐந்தாவது சொல் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். இவ்வினாவில் ஒரு வரைபடமோ அட்டவணையோ செயல்முறைப் படமோ தரப்படும். அதனை ஏறத்தாழ 20 நிமிடங்களில் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விழுக்காடுகளை இரண்டு கோடுகள் கொண்ட வரைபடமாக நான் பயிற்சிக்குக் கொடுப்பதுண்டு. 1981இல் ஆண்கள் 56.38, பெண்கள் 29.76, 1991இல் 64.13, 39.29, 2001இல் 75.26, 53.67. இந்த ஆறு எண்களையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதி முடித்துவிட்டு, பேண்ட் 7 என்னும் மதிப்பெண் நிலை கிடைக்கும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். ஆனால் பணியை நிறைவேற்றியதற்கான அளவுகோலில் அந்த நிலையை எட்டுவதற்குத் தெளிவான ஓவர்வியூ இருந்தாக வேண்டும் என்று மதிப்பீட்டு வரையறைகள் கூறுகின்றன. விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கிச் செல்லும் விடை பேண்ட் 5இன் இயல்பாகவே சொல்லப்படுகிறது.

மேற்கண்ட படத்துக்கு எழுத வேண்டிய ஓவர்வியூ இதுதான்: இருபாலரின் எழுத்தறிவும் தொடர்ந்து உயர்ந்தது, மூன்று கணக்கெடுப்புகளிலும் ஆண்களே முன்னிலையில் இருந்தனர், எனினும் இருவருக்குமான இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இதில் எண் ஒன்றுகூட இல்லை என்பதையும், இடைவெளியைக் காட்டும் கோடு படத்தில் வரையப்படவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். ஏறத்தாழ 27 புள்ளிகளாக இருந்த இடைவெளி 22 புள்ளிகளுக்கு இறங்கியதை, இரண்டு கோடுகளையும் ஒருசேரப் பார்ப்பவரே காண்பார். எனவே நாம் தேடும் சொல், பலவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தல், அவற்றுள் முதன்மையானதைச் சுட்டிக் காட்டுதல் என்னும் இரு செயல்களையும் தன்னுள் கொண்டிருக்க வேண்டும்.

மேலோட்டம் என்ற சொல் ஆழமின்மையைக் குறிப்பதாகவே வழக்கில் நிலைபெற்றுவிட்டது. 'மேலோட்டமாகப் படித்தேன்' என்பவர் சரியாகப் படிக்கவில்லை என்றே நாம் புரிந்துகொள்கிறோம். "மேலோட்டம் எழுதுங்கள்" என்று நான் சொன்னபோது, "படத்தில் பல மாற்றங்கள் காணப்படுகின்றன" என்னும் பொருளற்ற ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. கண்ணோட்டம் இதைவிடத் தீங்கானது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தில் இரக்கத்தைக் குறித்த அச்சொல் இன்று ஒருவரின் கருத்துநிலையைக் குறிக்கிறது. இவ்வினாவிலோ எழுதுபவரின் கருத்துக்கும் ஊகத்துக்கும் இடமே கிடையாது. அச்சொல்லைக் கேட்ட மாணவர்கள் பெண்கல்வித் திட்டங்களால்தான் உயர்வு ஏற்பட்டது என்று காரணம் எழுதத் தொடங்கினர். காரணம் உண்மையாகவே இருந்தாலும் படம் அதைச் சொல்லவில்லை.

தொகுப்புரை என்றதும் மாணவர்கள் அதனை முடிவுரையாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வினாவான கட்டுரைக்கு முடிவுரை தேவை. முதல் வினாவுக்குத் தேவையில்லை. ஓவர்வியூவை அறிமுக வரியை அடுத்தோ இறுதியிலோ எழுதலாம் என்பதால், இடத்தைக் குறிக்கும் சொல் இங்குப் பொருந்தாது. நான்கனுள் பொதுநோக்கு என்பதே குறைவான குறையுடையது. ஆயினும் அது பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. பார்த்ததில் எதைச் சொல்ல வேண்டும் என்று மாணவருக்கு அது உணர்த்துவதில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வரும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'தொகுத்துச் சுட்டல்', 'வகுத்துக் காட்டல்' என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. நூல் செய்பவர் முதலில் பொருளைத் தொகையாகச் சுட்டி, பின்னர் அதனை வகைப்படுத்திக் காட்ட வேண்டும் என்பது கருத்து. ஓவர்வியூவையும் அதனை அடுத்து எண்களோடு வரும் விவரப் பத்திகளையும் இவ்வளவு பொருத்தமாக இணைக்கும் சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, ஆங்கிலச் சொல்லின் 'மேல்' என்னும் முன்னொட்டைப் பின்பற்றி நாம் ஏன் அலைய வேண்டும்? நன்னூலார் கருதியது பொருளைத் தொகையாகக் கூறுதல். இங்கு வேண்டப்படுவது முதன்மையானதைத் தெரிந்தெடுத்தல். இந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. 'சுட்டு' என்பதில் தெரிந்தெடுத்து விரல் நீட்டும் பொருள் இயல்பாகவே இருப்பதால் சொல் அதற்கு இடம்தருகிறது என்றே கருதுகிறேன். ஆகவே ஓவர்வியூவைத் 'தொகுசுட்டு' என்று வழங்கலாம். விவரப் பகுதிக்கு 'விவரப் பத்தி' என்பதே போதும்.

தொகைச்சுட்டு என்று ஏன் அமைக்கவில்லை எனக் கேட்கலாம். எண்களும் பணமும் நிறைந்த படங்களைப் பற்றி எழுதும்போது 'தொகை' என்ற சொல் கூட்டுத்தொகையை நினைவூட்டிவிடும். மாணவர் எல்லாவற்றையும் கூட்டத் தொடங்கிவிடுவார். இலங்கையில் விலைச் சுட்டெண் என்ற வழக்கு இருப்பதால், அங்குள்ள நண்பர்களுக்குச் சுட்டு என்பது அதனோடு மயங்குமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. அதைப் பற்றி அவர்களே சொல்ல வேண்டும்.

வகுப்பில் இச்சொல்லை அறிமுகப்படுத்தியபின், "எண் இல்லாமல் தொகுத்துச் சுட்டுங்கள்" என்று வினையாகவும் சொல்ல முடிகிறது. அந்த ஒரு தொடருக்குப் பிறகு, எழுத்தறிவுப் படத்தில் இடைவெளி குறைவதைத் தாமாகவே கண்டு எழுதிய மாணவிகள் இருக்கிறார்கள். எழுதும்போது 'தொகுச்சுட்டு' என வல்லினம் மிகுத்து எழுதாதிருக்க வேண்டுகிறேன். இது வினைத்தொகை ஆதலால் 'தொகுசுட்டு' என்பதே சரியான வடிவம்.