கீழ் வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல்லே இல்லை: பயன்படுத்துவது சரியா?

மேல்மாடி

கோவையில் புதிய வாடகை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஃபைபர் இணைப்புக்குப் பணம் கட்டியாயிற்று. அடுத்த வாரம்தான் ஆள் வருவாராம். இதற்கிடையே கடவுச்சொல் கேட்காத ஒரு வைஃபை முழு சிக்னலுடன் தெரிகிறது. ரவுட்டருடன் வந்த பெயர்கூட மாற்றப்படவில்லை. கீழ் வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள்; அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

என் அறைத்தோழர் அதில்தான் படம் பார்க்கிறார். "திறந்து வைத்தவர்கள் யாரையும் தடுக்கவில்லையே, அன்லிமிடெட் திட்டத்தில் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?" என்கிறார். என் மடிக்கணினியையும் ஒருமுறை அதில் இணைத்துவிட்டார். அன்றிலிருந்து திறந்தவுடன் தானாகவே போய் இணைந்துகொள்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை நிறுத்துவது எப்படி? தோழருக்கு என்ன பதில் சொல்வது?

வலைக்கண்

முதலில் எளிதானது. விண்டோஸ் அமைப்புகளில் வைஃபை பகுதிக்குப் போய், ஏற்கெனவே இணைந்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். கைபேசியிலும் இதே வழிதான்.

அன்லிமிடெட் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். வரம்பே இல்லாவிட்டாலும், உங்கள் தோழர் படம் பார்க்கும் நேரத்தில் அந்தப் பெரியவர் வெளியூரில் இருக்கும் பேரனுடன் வீடியோவில் பேச முயன்றால் திணறப்போவது அவருடைய அழைப்புதான். காரணமும் அவருக்குத் தெரியாது.

வழக்குக்கட்டு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி வலையமைப்பில் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. கேட்பது அனுமதி இருந்ததா என்பதைத்தான். அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் வசித்த ஒரு வெளிநாட்டவரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் விசாரணை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வியும் அவரிடம்தான் வரும். அந்த முதியவர்களை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

திண்ணை

எல்லாத் திறந்த வைஃபையையும் குற்றமாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதுபோல் இணையத்தைப் பகிர்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வக் குழுவினர் வீட்டு வைஃபையை ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் 2020-இல் வந்த பிஎம்-வாணி திட்டத்தின்படி ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை வழங்கலாம். பகிர்வது நல்ல குணம். அதை அச்சத்தால் அழித்துவிடக் கூடாது.

வழக்குக்கட்டு

திண்ணை சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் சொன்ன எல்லோரும் தெரிந்தே கொடுக்கிறார்கள். பொதுவுக்கு வைப்பவர் அந்த வைஃபையின் பெயரிலேயே அதைச் சொல்லிவிடலாம். இங்கே ரவுட்டரின் பெயர்கூட மாறவில்லை என்றால், திறந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்றுதான் கொள்ள வேண்டும். கதவைத் தட்டிக் கேளுங்கள், கொடுத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில்கூட நீங்களாக ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் 192.168.1.1 முகவரிக்குள் போய் அவர்கள் ரவுட்டருக்குக் கடவுச்சொல் போட்டுவிடாதீர்கள். அதுவும் கேட்காமல் உள்ளே நுழைவதுதான்.

மேல்மாடி

இன்று மாலை கீழே போய்ப் பேசினேன். பழுது பார்க்க வந்த பணியாளர் ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு திறந்தே இருந்திருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியதையும் சொல்லிவிட்டேன். பாட்டி கோபப்படவில்லை. "இணைப்பு வரும்வரை எடுத்துக்கொள் கண்ணு, பணம் எல்லாம் வேண்டாம்" என்றார். தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கடவுச்சொல் அமைத்தோம். எங்களுக்குத் தனியாக விருந்தினர் நெட்வொர்க். தோழரும் உடன் வந்தார்.

இப்போது ஒரு புதிய சிக்கல்: கைபேசிகள் இணைகின்றன, அவர்களுடைய பழைய டிவி மட்டும் இணையவில்லை. பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

வலைக்கண்

அதுதான் காரணமாக இருக்கும். பழைய டிவிகள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் முந்தைய முறையான டபிள்யூபிஏ2 போதும். அப்படியும் வராவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள். சில டிவிகள் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்காது. கையோடு ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையக் கேட்கும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அதைத் தாத்தாவே தேர்ந்தெடுத்துத் தன் டைரியில் எழுதிக்கொள்ளட்டும், உங்கள் கைபேசியில் சேமிக்க வேண்டாம்.