முற்றம் கூட்டியதைக் கலோரிக் கணக்கில் சேர்க்கலாமா? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி (பெண், 43)

போன வருடம் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். நிறை 70 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர். இப்போதைக்கு மருந்து வேண்டாம், நிறையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே மகள் என் போனில் கலோரி எண்ணும் செயலி ஒன்றைப் போட்டுத் தந்தாள். வயது, உயரம், நிறை எல்லாம் கேட்டது. பகலில் எவ்வளவு நடமாடுவீர்கள் என்றும் கேட்டது. நான் கதிரையில் இருக்கிற ஆள் இல்லையே, அதனால் 'ஓரளவு நடமாட்டம்' என்பதைத் தொட்டேன். நிறை குறைய வேண்டுமென்றால் நாளுக்கு 1300 கலோரிதான் சாப்பிடலாம் என்று வந்தது.

1300 எவ்வளவு கொஞ்சம் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்ட பிட்டும் ஒரு சம்பலும் கறியும் என்றால் காலையிலேயே பாதி போய்விடும். மூன்றாம் நாள் பசி தாங்கவில்லை. அப்போதுதான் 'உடற்பயிற்சி சேர்' என்ற இடத்தைக் கண்டேன். உள்ளே தேடினால் கூட்டுதல், சமைத்தல், கோப்பை கழுவுதல், கையால் உடுப்புத் தோய்த்தல் எல்லாமே இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலைக்கு யாரோ ஒருவர் எண் போட்டு வைத்திருக்கிறார்!

முற்றம் கூட்ட அரை மணித்தியாலம், 115. உடுப்புத் தோய்க்க முக்கால் மணித்தியாலம், 210. குசினியில் ஒன்றரை மணித்தியாலம், 210. கோப்பை கழுவ அரை மணித்தியாலம், 63. கூட்டினால் கிட்டத்தட்ட 600. செயலி அந்த 600ஐயும் சாப்பாட்டில் சேர்த்து, 'இன்று 1900 வரை சாப்பிடலாம்' என்றது. நானும் சாப்பிட்டேன். களவில்லை, ஒரு பருக்கை விடாமல் பதிந்தேன். மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினால் 71.

அன்று அழுதேன். மகள்தான் இருந்து கணக்கைப் பிரித்துக் காட்டினாள். 'ஓரளவு நடமாட்டம்' என்று தொட்டபோதே, என் உடம்புக்கு நாளுக்கு 1800 வரை செலவாகும் என்று செயலி எடுத்துக்கொண்டுவிட்டது. சும்மா இருக்கிற பெண் என்று சொல்லியிருந்தால் 1570 அளவில்தான் வந்திருக்கும். இடையில் உள்ள அந்த 230 என்ன? நான் கூட்டியதும் தோய்த்ததும்தான். அதை ஒருமுறை வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு வேலையாகத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். ஒரே சம்பளத்தை இரண்டு முறை வாங்கின மாதிரி. 1800 செலவாகும் உடம்புக்கு 1900 கொடுத்தால் நிறை ஏறாமல் என்ன செய்யும்?

அதன்பிறகு வீட்டு வேலை எதையும் பதிவதில்லை. 1300 எனக்கு முடியாது என்று 1500 ஆக்கிக்கொண்டேன். நான்கு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கடற்கரையில் நடந்தால் உடற்பயிற்சி, அரை மணித்தியாலம் குனிந்து கூட்டினால் ஒன்றுமில்லையா? உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள்.

பாலையூற்று (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், 67)

தங்கச்சி, உங்கள் மகள் சரியாகவே பிரித்திருக்கிறாள். நான் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். செயலியில் வருகிற அந்த எண்கள் பெரும்பாலும் 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அட்டவணையின் வழியில் வந்தவை. பிறகு சில தடவை திருத்தினார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிப்பதை 1 என்று வைத்து, கோப்பை கழுவுதல் 1.8, சமையல் 2, கூட்டுதல் 3.3, கையால் உடுப்புத் தோய்த்தல் 4 என்று போட்டிருப்பார்கள். சமதரையில் சாதாரண வேகத்தில் நடப்பது 3.5. அப்படிப் பார்த்தால் உங்கள் விளக்குமாறு நடைக்குக் கிட்டத்தான் நிற்கிறது. அந்தக் கேள்வியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த 115க்குள் 35 கலோரி, நீங்கள் திண்ணையில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். கூட்டியதால் வந்தது 80தான். நடைக்கும் இதே கழிவு உண்டு. அந்த அட்டவணையே ஆராய்ச்சிகளில் வேலைகளை வகைப்படுத்தச் செய்தது. ஓர் ஆளுக்கு இன்று எவ்வளவு போனது என்று துல்லியமாகச் சொல்வது அதன் நோக்கமே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. மோட்டார் பழுதாகி இரண்டு மாதம் கையால் அள்ளினேன். வேர்த்துக் கொட்டும். ஐநூறு கலோரியாவது போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். படிப்பித்த பழக்கம் விடவில்லை, கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வாளி 10 லீற்றர், அதாவது 10 கிலோ. கிணறு 6 மீற்றர். தூக்குகிற வேலை 588 ஜூல், அது சாப்பாட்டுக் கணக்கில் 0.14 கலோரி (கிலோ கலோரி). எங்கள் தசை எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒன்றுதான் வேலையாக மாறும், மிச்சம் வெப்பம். ஆகவே வாளிக்கு 0.7. நாற்பது வாளிக்கு 28. இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரில், சீனியில் மட்டுமே 32 இருக்கிறது.

குனிந்து நிமிர்வது, வாளியோடு வாழை மரம் வரை நடப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பவும் நூறைத் தாண்டாது. வேர்வை வேறு, கலோரி வேறு என்பதை முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் உடம்பில் இப்போதுதான் உணர்ந்தேன். திருகோணமலை வெயிலில் சும்மா நின்றாலும் வேர்க்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். வழக்கமாக விடியப்புறம் கோட்டை வாசலால் ஏறி, மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில் வரை போய்வருவேன். தண்ணீர் அள்ளிய நாட்களில் அந்த நடை தானாக நின்றுபோனது. பின்னேரம் முழுக்கச் சாய்மனைக் கதிரைதான். ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் உடம்பு குறைத்துவிட்டது. இரண்டு மாத முடிவில் நிறை அப்படியே.

அதற்காக இந்தச் சின்னச் சின்ன அசைவுகளைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். 1999இல் மாயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்பும் சேரவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். உடற்பயிற்சி யாருக்கும் கூட்டவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் எழும்புவது, நிற்பது, நடமாடுவது, கைகால் அசைப்பது இவற்றில்தான் இருந்தது. அந்த 16 பேரில் யாராவது குறித்து வைத்துக்கொண்டா அசைந்தார்கள்?

நிலாவெளி (ஹோட்டல் அறை பராமரிப்பு, ஆண், 29)

சேர் சொல்வதை வாசித்தபிறகு எழுதலாமா என்று யோசித்தேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு.

எங்களுக்கு சீசன் என்றால் மே தொடங்கி செப்டெம்பர் வரை. கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும், அறை எல்லாம் நிரம்பும். அப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அறை செய்வேன். படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை தேய்ப்பது, ஈரத் துவாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் வேலை பாதியாகிவிடும். மார்கழியில் சில நாட்கள் இரண்டு அறைதான்.

செப்டெம்பரில் 64 கிலோ, பெப்ரவரியில் 69. மூன்று வருடமாக இதே ஏற்ற இறக்கம். சாப்பாடு மாறவில்லை, அதுதான் பிழை என்று இப்போது தெரிகிறது. சீசனில் சாப்பிட்ட அதே கோப்பைச் சோற்றை மழைக்காலத்திலும் சாப்பிட்டு வந்தேன். எனக்கு இது வீட்டு வேலை இல்லை, எட்டு மணித்தியால வேலை. இதைக் கணக்கில் எடுக்காதே என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அறை அறையாகப் பதிவதை விட்டுவிட்டேன். சீசனில் 'அதிக நடமாட்டம்', மழைக்காலத்தில் 'குறைவு' என்று வருடத்துக்கு இரண்டு தரம் செயலியில் மாற்றுகிறேன். இந்த முறை பெப்ரவரியில் 66தான்.

என் அக்கா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள், எங்களைப் போன்றவர்களை வைத்தே செய்தது. 2007இல் வெளிவந்தது. ஏழு ஹோட்டல்களில் 84 அறைப் பணிப்பெண்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், 'நீங்கள் செய்கிற வேலையே நல்ல உடற்பயிற்சி' என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு நிறையும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியதாம். வேலையை மாற்றவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். தெரிந்தபிறகு கொஞ்சம் உற்சாகமாகச் செய்தார்களோ, சாப்பாட்டைக் கவனித்தார்களோ, யாருக்குத் தெரியும். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் விரிப்பை இழுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துச் செய்கிறேன். முதுகுவலி குறைந்திருக்கிறது.

உவர்மலை (பெண், 24)

காலடியும் கலோரியும் எண்ணுகிற கைக்கடிகாரத்தை நம்பி நானும் ஏமாந்தேன், அதனால் சுருக்கமாக. திருவலையில் உட்கார்ந்து இரண்டு தேங்காய் திருவினேன், 400 காலடி நடந்ததாகக் காட்டியது. அன்று பின்னேரம் அண்ணாவோடு காஸ் சிலிண்டரை இரண்டு பக்கமும் பிடித்து மாடிக்கு ஏற்றினோம், கை அசையவே இல்லை, கணக்கில் பத்துக் காலடி கூடச் சேரவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, கலோரியில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. இதயத் துடிப்பை நன்றாகவே எண்ணுகின்றன. நான் இப்போது துடிப்பை மட்டும் பார்க்கிறேன்.

கிண்ணியா (பெண், 36)

அக்கா, நான் சேர்க்கலாம் என்கிற பக்கம். என் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை நான் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்தவள், வீட்டில் துடைக்கவும் தோய்க்கவும் ஆள் இருந்தது. வேலையை விட்டுவிட்டு உம்மா வீட்டுக்கு வந்தேன். அவரைத் தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, நாளுக்கு இரண்டு தரம் விரிப்புத் தோய்ப்பது, மாமரமும் பலாவும் கொட்டுகிற முற்றத்தைக் கூட்டுவது. எட்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டேன். வழக்கமான சாப்பாடுதான், ஒரு நாளும் பயிற்சி செய்யவில்லை.

கவலையாலும் இறங்கியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்கிய நான் இப்போது அரிசிச் சாக்கை வாசலிலிருந்து குசினி வரை தூக்கி வைக்கிறேன். அது கவலையால் வந்த பலம் இல்லை.

முந்தி, பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சி என்று சொல்வார்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் அந்தப் பத்து நிமிட நிபந்தனை இல்லை. வாரத்துக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் அசைவு, எந்த வழியில் வந்தாலும் சரி. வீட்டு வேலையும் அதற்குள் அடக்கம். இதை உம்மாவின் அயலில் உள்ள பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக்கு நேரமில்லை என்று குற்ற உணர்வோடு இருக்கிறவர்கள் எத்தனை பேர்.

தம்பலகாமம் (ஆண், 51)

ஒரே ஒரு கேள்வி. கிண்ணியாத் தங்கச்சிக்கு இறங்கியது, உப்புவெளித் தங்கச்சிக்கு ஏறியது. இரண்டு பேரும் கூட்டினார்கள், தோய்த்தார்கள். எதைப் பிடித்துக்கொள்வது?

உப்புவெளி (பெண், 43)

அண்ணா, இதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். கிண்ணியாத் தங்கச்சிக்கு அந்த வேலை புதிது. கதிரையில் இருந்த உடம்பின் மேல் வந்து விழுந்த வேலை. எனக்கு அது பதினெட்டு வருடப் பழக்கம். அத்தனை வருடமும் இதே முற்றத்தைக் கூட்டிக்கொண்டேதான் 70 கிலோவுக்கு வந்தேன். அந்த 70க்குள் கூட்டியதும் தோய்த்ததும் ஏற்கெனவே இருக்கின்றன. நாளைக்குத் தோய்க்கும் மெஷின் வாங்கினால், என் கணக்கில் அதைக் கழிக்க வேண்டி வரும். நிலாவெளித் தம்பி மழைக்காலத்தில் செய்வது அதைத்தான்.

வட அயர்லாந்தில் 4500க்கு மேற்பட்டவர்களைக் கேட்டு 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி மகள் சொன்னாள். வீட்டு வேலையைத் தங்கள் உடற்பயிற்சியில் கூடுதலாகச் சேர்த்துச் சொன்னவர்கள்தான் நிறை கூடியவர்களாக இருந்தார்களாம். அதைக் கேட்டதும் நெஞ்சு சுருக்கென்றது, நான் செய்ததே அதுதானே. ஆனால் அவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கமாட்டேன். களைத்துப்போன உடம்பு, நிறைய எரித்துவிட்டோம் என்று தன்பாட்டில் நம்பும். இதுவரை வேறு யாரும் அந்த வேலையை எண்ணிச் சொன்னதும் இல்லை.

சரி, நான் இப்போது செய்வது இதுதான். தினசரி வேலை எதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொங்கலுக்கு முன் வீடு முழுக்கத் தூசி தட்டிச் சுவர் கழுவிய இரண்டு நாளும் மட்டும் சேர்த்தேன், அதிலும் செயலி சொன்னதில் பாதிதான். வேலையை வேறாக, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், நிமிடக் கணக்கில், கலோரி இல்லாமல். போன வாரம் மூச்சு வாங்கக் கூட்டியதும் தோய்த்ததும் 340 நிமிடம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இருக்காமல் உடனே கோப்பை கழுவுகிறேன், சீனிக்கு நல்லது என்று கிளினிக்கில் நின்ற தாதி சொன்னார். பின்னேரம் உப்புவெளிக் கரையில் இருபது நிமிடம் நடக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

வருகிற வியாழக்கிழமை திரும்பவும் இரத்தம் கொடுக்க வேண்டும், மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனை. வந்ததும் எழுதுகிறேன். சேர், மோட்டார் சரியாகிவிட்டதா? கோயில் நடையை விடாதீர்கள்.